எதிர்ச்சுற்று

வலிக்கவில்லை. முதல் வளைவு தாண்டியாயிற்று, இன்னும் வலிக்கவில்லை. வலிக்கவில்லை என்று நினைக்கவும் கூடாது, நினைத்தால் வந்துவிடும். தெருவில் போகிறவன் பெயரை வீட்டுக்குள் இருந்து சும்மா சொன்னால்கூட, கூப்பிட்டீர்களா என்று உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வானே, அந்த மாதிரி வலி இது. அதனால் வேறு எதையாவது நினைக்க வேண்டும். காற்றை நினைக்கலாம். கிழக்கே இருந்து வருகிறது, உதட்டை நக்கினால் கரிக்கிறது. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதுகிறது. புறப்படுகிற ஊதல் இல்லை, இழுவைப் படகைக் கூப்பிடுகிற ஊதல். வேலைக்காலம் முழுக்க அந்தக் கப்பல்களின் வயிற்றில் இருந்து மூட்டையும் மரமும் வின்ச்சால் தூக்கி இறக்கியவனுக்கு ஊதலில் வித்தியாசம் தெரியாதா. தூத்துக்குடியில் காலை நேரம் நல்ல நேரம்தான். வெயில் ஏறுவதற்கு முன்னால் மண் குளிர்ந்து கிடக்கும், பாதத்துக்கு இதமாக இருக்கும். மைதானத்தைச் சுற்றி மண்பாதை, பாதைக்கு வெளியே மழைத்தண்ணீர் போகிற ஓடை, தண்ணீர் வடிவதற்காகப் பாதை ஓடைப்பக்கம் கொஞ்சம் சரிந்திருக்கும். பார்த்தால் தெரியாது. காலுக்குத் தெரியும். வலது காலுக்கு இப்போது நன்றாகத் தெரிகிறது. பார், நினைத்துவிட்டேன். வலிக்கவில்லை. எதிரே நாலு பெண்கள் கைவீசி நடந்து வருகிறார்கள், என்னைப் பார்த்ததும் இரண்டிரண்டாகப் பிரிந்து வழி விடுகிறார்கள். இந்த மைதானத்தில் எல்லாரும் ஒரு பக்கமாகச் சுற்றுகிறார்கள், நான் ஒருவன் மட்டும் எதிர்ப்பக்கம். அதனால் எனக்கு யார் முதுகும் தெரியாது, எல்லாரும் முகமாகவே வருவார்கள். முகங்களில் ஒரு முகம் தர்மக்கண் முகம். ஒரு சுற்றில் இரண்டு தடவை அந்த முகத்தைக் கடக்க வேண்டும்.

இதோ வருகிறான். குரங்குக்குல்லாய், வெள்ளை மீசை, வயிறு கொஞ்சம் குலுங்குகிறது. நான் விளக்குக் கம்பத்தைப் பார்ப்பேன், அவன் தொண்டையைச் செருமுவான். அது எங்களுக்குள் ஏற்பட்ட ஒழுங்கு, யாரும் பேசி வைத்தது இல்லை. செருமினான். கம்பத்தைப் பார்த்தேன். போய்விட்டான். அவன் காலடிச் சத்தம் பின்னால் தேய்கிறது. இவனும் நானும் துறைமுகத்தில் ஒரே கேங்கில் வேலை பார்த்தவர்கள். நான் வின்ச்சில், மேலே உட்கார்ந்திருப்பேன். கப்பலின் சரக்கு அறை அங்கே இருந்து என் கண்ணுக்குத் தெரியாது, ஆழமாகக் கீழே இருட்டாக இருக்கும். தர்மக்கண் அறை வாயில் நின்று குனிந்து பார்த்துக் கையைக் காட்டுவான். அவன் கை ஏறினால் நான் தூக்குவேன், கை படிந்தால் இறக்குவேன், முட்டி மூடினால் நிறுத்துவேன். கீழே ஆட்கள் நிற்பார்கள். ஒரு நொடி தப்பினால் ஒருவன் மண்டை போகும். ஒருநாளும் தப்பியது இல்லை. அவன் கண் எனக்குக் கண்ணாக இருந்தது, அதில் பொய் சொல்ல மாட்டேன். அவன் கையைப் பார்த்துப் பார்த்து, வீட்டில் சோறு போதும் என்று சொல்லவும் நான் முட்டியை மூடிக் காட்டுவேன். என் வீட்டுக்காரி பாக்கியத்தாய் கேலி செய்வாள், "இது என்ன கப்பலா, வாயத் தொறந்து சொல்லுங்க" என்று. அப்பேர்ப்பட்ட ஆள் ஒரு சொல்லால் என் வீட்டு வாசலை அடைத்தான். கையால் தப்பாதவன் வாயால் தப்பினான்.

மகள் சந்தனமாரிக்கு ஆறுமுகநேரிப் பக்கத்தில் இருந்து ஒரு வரன் வந்தது. பையன் வீட்டார் எங்களைப் பற்றி விசாரிக்கத் துறைமுக வாசல் டீக்கடைக்கு வந்திருக்கிறார்கள். விசாரிக்காமல் யாரும் பெண் எடுப்பது இல்லை, நியாயம்தான். அவர்கள் விசாரித்தது தர்மக்கண்ணிடம். "பொன்னுலிங்கமா? வைராக்கியக்காரர்லா" என்று சொல்லியிருக்கிறான். "ஒண்ணு நெனச்சாருன்னா விட மாட்டாரு." அவ்வளவுதான் சொன்னான், டீக்கடைக்காரரும் அவ்வளவுதான் என்றார். அவர்கள் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். பிறகு தரகர் வந்து தலையைச் சொறிந்தார். "அண்ணாச்சி, தப்பா நெனைக்கக் கூடாது. பொண்ணோட அப்பா வைராக்கியம் புடிச்சவருன்னு கேள்விப்பட்டாவளாம். நாளைக்கு ஒரு சொல்லு முந்திப் பிந்தி விழுந்துட்டா வாசப்படி மிதிக்க மாட்டாரு, கல்லு மாதிரி ஒரே நெலையா நிப்பாரு, நமக்கு அது சரிவராதுன்னுட்டாவ." நான் நேரே வேலைக்குப் போய் அறை வாயில் வைத்தே தர்மக்கண்ணைக் கேட்டேன். "நல்லதாத்தானவே சொன்னேன்" என்றான், கண்ணைச் சிமிட்டாமல். "ஒரே நாள்ல குடிய விட்டீரே, அத மனசுல வச்சுல்லா சொன்னேன். எவனால முடியும்? வைராக்கியம்னா நல்லதுதானவே?" நல்லது என்றால் நல்ல மனுசன் என்று சொல்ல வேண்டியதுதானே. நல்ல மனுசன் என்று சொன்னால் வாய் வலிக்குமா. அந்தச் சொல் ஒரு பக்கம் திருநீறு பூசியிருக்கும், மறுபக்கம் கத்தி வைத்திருக்கும், அது அவனுக்குத் தெரியாதா. அன்றைக்குப் பேச்சை விட்டேன். வேலையில் கையைப் பார்த்தேன், தூக்கினேன், இறக்கினேன், பேசவில்லை. ஓய்வு பெறும் வரைக்கும் அப்படியே ஓடிற்று. பாக்கியத்தாய் ஒரு தடவை சொன்னாள், "அவுக சொன்ன சொல்லுக்கு ரெண்டு அர்த்தம். நீங்க ரெண்டையும் நிரூபிச்சுக் காட்டிட்டிய." அன்றைக்கு அவள் வைத்த குழம்பு சரியில்லை என்று எழுந்துவிட்டேன். குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

வந்துவிட்டது. சொல்லிக்கொண்டு வரவில்லை. முதலில் ஒரு சூடு, துணிக்குள் வைத்த சூடு மாதிரி, முட்டிக்குக் கீழே, முன்பக்கம், உள்பக்கமாக, எலும்பு ஓரத்தில். அந்த இடத்துக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. பின்னால் இருப்பது கெண்டைக்கால். மேலே முட்டி, கீழே கரண்டை. முன்னால் நீளமாக இருக்கிறதே, சதையே இல்லாமல், கட்டில் காலில் இடித்தால் உயிர் போகுமே, அதற்கு யாராவது ஏதாவது பெயர் சொல்லி நான் கேட்டது இல்லை. பெயர் இல்லாத இடத்தில் வலித்தால் யாரிடம் போய்ச் சொல்வது. கால் வலி என்றால், நடந்தால் சரியாகும் என்பார்கள். கெண்டை ஏறிவிட்டது என்றால் வாழைப்பழம் சாப்பிடு என்பார்கள். இதைப் பாக்கியத்தாயிடம் சொல்லவே இல்லை. சொன்னால், "போதும், உக்காருங்க" என்பாள், மகளுக்குப் போன் போடுவாள், மருமகன் பேசுவார், மாமா உங்க வயசுக்கு என்று ஆரம்பிப்பார். மீன்காரியிடம் இருந்து ஐஸ் மட்டும் வாங்கி வந்தபோது பாக்கியத்தாய் கையில் இருந்த பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மீனு எங்க?" "நல்ல மீனு இல்ல." "அதுக்கு ஐஸ மட்டும் வாங்கிட்டு வருவியளோ? பொன்னுலிங்கம் வீட்டுல இன்னைக்கு ஐஸ்குழம்பா?" கொல்லைப்பக்கம் போய்க் காலில் வைத்துக்கொண்டேன். வைத்திருக்கும் வரைக்கும் சுகமாக இருந்தது. சுகம் என்பது அவ்வளவுதான், வைத்திருக்கும் வரைக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை இங்கேயே பந்தல் போட்டு இலவச முகாம் நடத்தினார்கள். எல்லாரும் சர்க்கரை பார்க்கிற வரிசையில் நிற்கும்போது நான் ஓரத்தில் எலும்பு, தசை பார்க்கிற பிள்ளையிடம் போய் உட்கார்ந்தேன். ஜெனிட்டா என்று சட்டையில் குத்தியிருந்தாள், என் பேத்திக்கு அக்கா மாதிரி இருப்பாள். "எங்க தாத்தா வலிக்கி?" "இங்கன." "வெரல வச்சுக் காட்டுங்க. ஒரே எடமா, நீளமா?" "நீளமா." "அப்ப நல்லது." "வலிக்கிறதுல என்னம்மா நல்லது?" சிரித்தாள். "ஒரே புள்ளியில வலிச்சாத்தான் பயம் தாத்தா. எலும்புல கீறல் விழுந்திருக்கும், கட்டுப் போட்டுப் படுக்க வச்சிருவாங்க. ஒங்க வயசுல அப்புறம் ஓட்டத்த மறந்துர வேண்டியதுதான். இது எலும்ப ஒட்டி வீங்கியிருக்கு. எந்தப் பக்கமா சுத்துதீங்க?" "வலமா." "எப்பவுமா?" "எப்பவும்." "அதான பாத்தேன். பாதை வெளிப்பக்கமாச் சரிஞ்சிருக்குல்லா. உள்பக்கத்துக் காலு மேட்டுல மிதிக்கும், பாதம் உள்ளுக்குச் சாயும். ஒரே பக்கமா சுத்துனா ஒரே காலுதான எல்லா அடியையும் வாங்கும்? கொஞ்ச நாள் ஓடாம இருங்க, ஐஸ் வைங்க. அப்புறமா ஒருநாள் இப்படி, ஒருநாள் அப்படி, மாத்தி மாத்தி ஓடுங்க." "அப்படி ஓட முடியாதும்மா." "ஏன் முடியாது?" அந்தப் பிள்ளைக்கு எதை எங்கே இருந்து சொல்வது. கோயிலை வலமாகத்தானே சுற்றுவோம், இடமாகச் சுற்றுவது சுடுகாட்டில் அல்லவா என்றேன். "காலுக்கு வலம் இடம் தெரியாது தாத்தா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். தெரியாதாம். வலது காலுக்கு மட்டும் எப்படித் தெரிந்ததாம்.

கோயில் கதையை முதலில் நடைபயிற்சிச் சங்கத்துச் செயலாளர் கோமதிநாயகத்திடம்தான் சொன்னேன். "அண்ணாச்சி, நீங்க மட்டும் எதிர்ல வாரிய, என்னைக்காவது ஒரு கெழவிய முட்டித் தள்ளப் போறிய" என்று வந்தார். ஓட்டப்பந்தயம் எல்லாம் உலகம் முழுக்க இடப்பக்கமாகத்தான் ஓடுகிறார்களாம், டிவியில் பார்க்கவில்லையா என்றார். உலகம் ஓடட்டும், கொள்ளிக்குடத்தோடு சுற்றுகிற மாதிரி நான் காலங்காத்தாலே சுற்ற மாட்டேன் என்றேன். பக்கத்தில் நின்ற இரண்டு மூன்று பேருக்கு முகம் மாறிவிட்டது, அதில் ஒருவர் மறுநாளில் இருந்து வரவே இல்லை. செயலாளரும் விட்டுவிட்டார். சாமி காரியம் என்று சொன்னால் இந்த ஊரில் யாரும் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள். சாமிக்குத் தெரியும் நான் கோயில் பக்கம் போய் எவ்வளவு காலம் ஆயிற்று என்று. உண்மை என்னவென்றால், சர்க்கரைக்கு டாக்டர் நடக்கச் சொல்லி வந்த முதல்நாள், எல்லாரோடும் சேர்ந்து இடப்பக்கமாகத்தான் நடந்தேன். பின்னால் இருந்து ஒருவன் ஓடிவந்து என்னைத் தாண்டிப் போனான். முதுகைப் பார்த்தேன், தர்மக்கண். தாண்டும்போது தொண்டையைச் செருமினான். அந்தச் செருமல் எனக்கு, பார்த்தீரா, நான் ஓடுகிறேன், நீர் நடக்கிறீர் என்று கேட்டது. மறுநாள் நானும் ஓடினேன். ஒரே பக்கமாக ஓடினால் ஒன்று அவன் என்னை முந்துவான், இல்லை நான் அவனை முந்த வேண்டும். முந்தினால் என் முதுகை அவன் பார்ப்பான். எதிர்ப்பக்கம் திரும்பினேன். எதிரும் புதிருமாக ஓடுகிறவர்களில் யார் முந்தி யார் பிந்தி என்று கடவுளாலும் சொல்ல முடியாது.

அப்படி ஆரம்பித்த ஓட்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நாளில் ஒன்று நடந்தது, அதை நான் யாரிடமும் சொன்னது இல்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் எனக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். ஐந்தாம் வகுப்பில் பாடம் நடக்கும்போதெல்லாம் என்னைத் தண்ணீர் எடுத்து வர அனுப்பிய வாத்தியார் வருவார், அவர் மட்டும் என்னை உட்கார வைத்திருந்தால் நான் ஆறாவது போயிருப்பேன். கல்யாணப் பந்தியில் என் இலைக்கு மட்டும் அப்பளம் வைக்காமல் போன மச்சினன் வருவான். அவன் செத்தே போய்விட்டான், அப்படியும் வருவான். என் பெயரைக் கடைசி வரைக்கும் பொன்னுச்சாமி என்றே கூப்பிட்ட மேஸ்திரி வருவார். தரகர் வருவார். எல்லாருக்கும் பதில் சொல்லிச் சொல்லி மத்தியானம் ஆகிவிடும், வாய் அசையும், பாக்கியத்தாய் அடுப்படியில் இருந்து, "யாரு வந்திருக்கா, காப்பி போடட்டுமா?" என்பாள். அவள் கேலிக்குத்தான் கேட்கிறாள், ஆனால் வந்திருக்கிறார்களே, நான் என்ன செய்ய. ஓடும்போது மட்டும் அவர்கள் வருவது இல்லை. முதல் சுற்றில் வருவார்கள், கூடவே ஓடுவார்கள், இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் அவர்களுக்கு மூச்சு வாங்கும், ஒவ்வொருவராக நின்றுவிடுவார்கள். அப்புறம் நானும் என் மூச்சும் மண்ணில் விழுகிற அடியும்தான். யார் மேலும் எதுவும் இருக்காது. அந்த நேரத்தில் தர்மக்கண் எதிரே வந்தால்கூட, குல்லாய் போட்ட ஒரு கிழவன் வருகிறான் என்று மட்டும்தான் இருக்கும். வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிடும் வரைக்கும் அந்த அமைதி தாங்கும். இந்தக் கால் போனால் அது போய்விடும். கட்டுப் போட்டு இரண்டு மாசம் படுக்க வைத்தால் இரண்டு மாசமும் அவர்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள், வாத்தியாரும் மச்சினனும் மேஸ்திரியும், எழுந்து போகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்காது. சாவுக்குக்கூட நான் இவ்வளவு பயந்தது இல்லை.

சூடு இப்போது குத்தலாக மாறிவிட்டது. ஒவ்வொரு அடிக்கும் எலும்பை ஒட்டி யாரோ ஆணி கொண்டு கோடு கிழிக்கிற மாதிரி. வேகத்தைக் குறைத்தேன். அடியைச் சின்னதாக வைத்தேன். விரல்நுனியில் ஊன்றினேன், அது இன்னும் மோசம். ஆட்டம் பார்க்க உட்காருகிற காலரிக்குப் பின்னால், வேலிக்கருவை மரத்து நிழலில், யாரும் இல்லாத இடமாகப் பார்த்து நின்று, ஷூ கயிறு கட்டுகிற மாதிரி குனிந்து, கட்டைவிரலால் எலும்பு ஓரமாக மேலே இருந்து கீழே அழுத்திக்கொண்டே வந்தேன். வலிக்கிறது, வலிக்கிறது, வலிக்கிறது, இங்கே கூட. இங்கே ஏன் கூட. திரும்ப மேலே போய் வந்தேன். அந்த இடத்தில் வந்ததும் கண்ணில் தண்ணீர் முட்டுகிறது. போன வாரம் ஒரு சாண் நீளம் இருந்தது, இன்றைக்கு நாலு விரல்தான் இருக்கிறதா. நீளம் குறைந்தால் குணமாகிறது என்றா அர்த்தம், இல்லை புள்ளியாகக் கூடுகிறது என்றா. அந்தப் பிள்ளை இதைச் சொல்லவில்லையே. நான் கேட்கவில்லையே. சின்ன விரலை வைத்துப் பார்த்தேன். இல்லை, இன்னும் நீளம்தான். அப்படித்தான் தோன்றுகிறது. அப்படித் தோன்ற வேண்டும் என்று நினைப்பதால் தோன்றுகிறதோ. நின்றுகொண்டே இருந்தேன். நின்றால் மறுபடி அவர்கள் வருவார்கள், வாத்தியார் ஏற்கனவே குடத்தோடு வந்துவிட்டார். வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் அந்தப் பிள்ளை சொன்னபடி திரும்பலாம். திரும்பினால் இடது கால் மேட்டுக்கு வரும், வலது கால் இறக்கத்துக்குப் போகும். செய்து பார்க்காமல் நிற்பது, மருந்து கையில் இருக்கும்போது வாயைத் திறக்காமல் இருப்பது போல இருந்தது. தர்மக்கண் எங்கே இருப்பான் என்று கணக்குப் போட்டேன். இப்போதுதான் என்னைத் தாண்டிப் போனான், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பியிருப்பான். இப்போது நான் திரும்பி ஓடினால் அவன் முதுகு எனக்குத் தூரத்தில் தெரியும், என் முகம் அவனுக்குத் தெரியாது. அவன் திரும்பிப் பார்க்கிற ஆள் இல்லை. மெதுவாகவே ஓடுவேன், எட்டிப் பிடிக்க மாட்டேன், இரண்டு சுற்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன். யாருக்கும் தெரியப் போவதில்லை. திரும்பினேன்.

முதல் இருபது முப்பது அடி கால் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. எல்லாம் தலைகீழ். காலரி இடது கையில் வருகிறது, கப்பல் ஊதல் வேறு காதில் கேட்கிறது. முதுகுகள் தெரிகின்றன, எத்தனை விதமான முதுகுகள், எவ்வளவு காலமாக இவர்கள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கைவீசி நடக்கிற நாலு பெண்களை முதல் தடவையாகப் பின்னால் இருந்து தாண்டினேன், "ஏ, பொன்னுலிங்கம் அண்ணாச்சி நேரா ஓடுதாவ" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். வலது காலில் குத்தல் இருந்தது, ஆனால் கூர் இல்லை. கோடு கிழிக்கிறவன் ஆணியை வைத்துவிட்டு விரலால் தடவுகிறான். ஆமாம், குறைகிறது. பாதம் வெளியே சாய்ந்து விழுகிறது, எலும்பு ஓரம் விடுதலையாகிறது. அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும். மனசு மெல்ல லேசாக ஆரம்பித்தது, வாத்தியாரைக் காணோம். இனி அவன் முதுகு எங்கே தெரிகிறது என்று பார்த்துக்கொண்டே தண்ணீர்த் தொட்டி வளைவில் திரும்பினேன். முதுகு இல்லை. குல்லாய், மீசை, குலுங்குகிற வயிறு. எனக்கு நேர் எதிரே, முகமாக வந்துகொண்டிருந்தான். இரண்டு பேரும் பாதையின் உள்விளிம்பில், ஒரே கோட்டில். கம்பத்தைப் பார்க்கலாம் என்றால் இந்தப் பக்கம் கம்பம் இல்லை. அவனும் செருமவில்லை. முட்டிக்கொள்ளாமல் இருக்க இரண்டு பேரும் நின்றுவிட்டோம்.

"என்னவே?" என்றான்.

சந்தனமாரியின் மகன் இப்போது கல்லூரிக்குப் போகிறான். அவள் கல்யாணத்துக்கு முந்தியே நின்றுபோன பேச்சு. அதற்குப் பிறகு அவன் வாயில் இருந்து எனக்கு வந்த முதல் சொல் இது. ஒரு வே.

"என்ன என்னவே?" என்றேன்.

"நீரு ஏன் திரும்புனீரு?"

"நீரு ஏன் திரும்புனீரு?"

"காலு" என்றான்.

"எந்தக் காலு?"

"எடது. முட்டிக்குக் கீழ, முன்னால, எலும்பு ஓரமா."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். "ஒரே எடமாவா, நீளமாவா?"

என்னை ஏற இறங்கப் பார்த்தான். "அந்தப் புள்ளகிட்ட நீரும் போனீரா?"

"எனக்கு வலது."

"ஒருநாள் இப்படி, ஒருநாள் அப்படின்னுச்சு" என்றான். "நான் ஒரு வாரமா யோசிச்சேன். திரும்புனா ஒம்ம பின்னாலல்லா ஓடணும். சரி, காலு முக்கியம்னு இன்னைக்குத்தான் திரும்புனேன். பாத்தா நீரு மறுபடியும் மூஞ்சிக்கு நேரா வாரீரு." வயிறு குலுங்கச் சிரித்தான். "தலையெழுத்தப் பாரும்."

நான் சிரிக்கவில்லை. பின்னால் இருந்து அந்த நாலு பெண்களும் வந்து, "அண்ணாச்சிமாரே, நடுவுல நின்னு சம்பந்தம் பேசாதிய, வழிய விடுங்க" என்று எங்களைப் பிரித்துக்கொண்டு போனார்கள். சம்பந்தம் என்ற சொல் விழுந்ததும் இரண்டு பேரும் தரையைப் பார்த்தோம். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் நான் ஓடத் தொடங்கிவிட்டேன். அவனும் அவன் பக்கமாக ஓடியிருக்க வேண்டும், அடிச்சத்தம் கேட்டது.

ஓடுகிறேன். வலி குறைந்துகொண்டே வருகிறது, ஆனால் தலைக்குள் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு நான் இடம், அவன் வலம். நாளைக்கு நான் வலம், அவன் இடம். மறுநாள் மறுபடியும் நான் இடம், அவன் வலம். அந்தப் பிள்ளை சொன்னபடி இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஓடினால் சாகும்வரைக்கும் எதிரும் புதிருமாகத்தான் ஓடுவோம். நல்லதுதானே. நான் கேட்டதும் அதைத்தானே, என் முதுகை அவன் பார்க்கக் கூடாது, அவன் முதுகை நான் பார்க்கக் கூடாது. வேண்டியது வேண்டியபடி கிடைத்திருக்கிறது, காலும் பிழைக்கும். பின்னே ஏன் இது சுற்றுகிறது. ஒரே பக்கமாக ஓட வேண்டும் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று சும்மா ஒரு கணக்குக்காகப் பார்த்தேன். யாராவது ஒருவன் ஒரே பக்கமாக இரண்டு நாள் ஓட வேண்டும், அந்த வலியை வாங்க வேண்டும். இல்லை, யாராவது ஒருவன் ஒருநாள் வராமல் இருக்க வேண்டும். வராமல் இருந்தால் போதும். நாளைக்கு நான் வராமல் இருந்தால், அவன் நாளைக்கு இடமாக ஓடுவான், மறுநாள் வலமாக ஓடுவான். நானும் மறுநாள் வலம். ஓய்வும் ஆயிற்று, காலுக்கும் நல்லது, யாரும் யாருக்காகவும் எதையும் விட்டுக்கொடுத்ததாக ஆகாது. கால் வலிக்கிறது என்று பாக்கியத்தாயிடம் உண்மையையே சொல்லிவிடலாம், ஐஸ்குழம்பு ரகசியமும் தீர்ந்துபோகும். சரி, வர மாட்டேன். முடிவு செய்ததும் மூச்சு சீரானது. பாதி வளைவு அந்தச் சீரோடு ஓடினேன். அப்புறம் தடுக்கியது. அவனும் இதே கணக்கைப் போட்டு நாளைக்கு வராமல் இருந்துவிட்டால்? அவன் என்னைவிடக் கணக்கில் மோசம் இல்லை. இரண்டு பேரும் ஒரே நாள் வீட்டில் உட்கார்ந்தால் மறுநாள் மறுபடியும் மூஞ்சிக்கு மூஞ்சி. சரி, அதற்கு மறுநாள் நான் வராமல் இருந்தால், அன்றைக்கும் அவன் வராவிட்டால்? நல்ல எண்ணம் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வந்தால் ஒன்றும் நடக்காது. சொல்ல வேண்டும். யாராவது ஒருவன் வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு. கையைக் காட்டினால் தெரியாத விஷயம் இது.

நின்றேன். பாதையை விட்டு இறங்காமல், அவன் வருகிற கோட்டில் நின்றேன். என்ன சொல்வது என்று வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன், அது வேண்டுகிற மாதிரி இருந்தது, மாற்றினேன், அதட்டுகிற மாதிரி இருந்தது. அதற்குள் வந்துவிட்டான். என்னைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்தான், முகத்தில் சிரிப்பு இல்லை, அடி வாங்கப் போகிறவன் மாதிரி கொஞ்சம் தயங்கினான்.

"நாளைக்கு நான் வரல" என்றேன்.

"ஏன்வே, ரொம்ப வலிக்கோ?"

"அதெல்லாம் இல்ல. நான் வரல. நீரு வாரும். எடமா ஓடும், எப்பவும் ஓடுத மாதிரி."

புரியாமல் நின்றான். அப்புறம் அவன் உதடு அசைந்தது, கட்டைவிரல் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டது. நாளைக்கு, மறுநாள். தொட்டு முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். கண்ணில் என்னமோ மின்னிற்று, அதை நான் பார்க்க விரும்பவில்லை.

"அப்ப மறுநாளு வலமாவா?" என்றான்.

"வலமா."

"சரிவே" என்றான். அந்தப் பழைய சொல்லைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால் நான் போய்விட்டிருப்பேன், அவனுக்குத் தெரியும். தலையை ஆட்டிவிட்டு என்னைத் தாண்டி ஓடினான். நான் வீட்டுக்குப் புறப்பட வேண்டும், ஆனால் நின்ற இடத்திலேயே திரும்பி அவன் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவன் முதுகு. பனியன் நனைந்து நடுவில் ஒட்டியிருக்கிறது. இடது கால் படும்போதெல்லாம் அந்தப் பக்கத்துத் தோள் ஒரு இறக்கம் இறங்கி ஏறுகிறது, காலை முழுசாக ஊன்றாமல் தொட்டுத் தொட்டு எடுக்கிறான். என் வலியைவிட அவனுக்கு வலி கூட. தினமும் இரண்டு தடவை எதிரே பார்த்த முகத்தில் இது தெரியவே இல்லை. மறுநாள் இவனோடு ஒரே பக்கமாக ஓட வேண்டும் என்றால் நான்தான் வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். குறைத்தால் எனக்கு முடியவில்லை என்று நினைப்பான். நினைத்துவிட்டுப் போகட்டும்.